குங்ஃபூவின் குருவழி

பொங்கல் விழாவில் நான் பேசியதை இவ்வாண்டு மலருக்காக எழுதித் தரும்படி நம் சங்க நண்பர்கள் கேட்டார்கள். அந்தப் பேச்சை அப்படியே அச்சுக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அதற்குப் பதிலாகத்தான் இந்தக் கட்டுரை.

"சீனர்களுக்குக் குங்ஃபூ கற்றுக்கொடுத்தவர் காஞ்சிபுரத்துத் தமிழர் போதிதர்மர்" என்று அன்று மேடையில் முழங்கினேன். 2011-இல் 'ஏழாம் அறிவு' திரைப்படம் வந்த பிறகு, இது நம்மில் பலர் அடிக்கடி சொல்லி மகிழும் செய்தி. கைதட்டல் பலமாகவே கிடைத்தது. பிறகு பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, தாய்ச்சி கற்று வரும் என் நண்பரின் மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "மாமா, நீங்க சொன்னது எந்தப் பழைய புத்தகத்துல இருக்கு? எங்க ஷிஃபு கேட்டா சொல்லணும்" என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. "எல்லாருக்கும் தெரிஞ்சதுதானேம்மா" என்று சமாளித்தேன். அவள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். எனக்குத்தான் அன்றைக்குப் பாயசம் இறங்கவில்லை.

அதன் பிறகு சில மாதங்கள் நூலகத்தில் உட்கார்ந்து படித்தேன். படித்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதலில் சொற்கள். 'குங்ஃபூ' என்பதற்குச் சண்டை என்று பொருளில்லை. நெடுநாள் உழைப்பால் கைவரும் தேர்ச்சி என்பதே பொருள். நல்ல சமையற்காரரின் கைப்பக்குவத்தையும் சீனர்கள் குங்ஃபூ என்பார்கள். போர்க்கலைக்கு உரிய சொல் 'வூஷூ'. 'ச்சுவான்' என்றால் முஷ்டி. தாய்ச்சிச்சுவான், ஷிங்யீச்சுவான், பாஜிச்சுவான் என்று பல பாணிகளின் பெயர்கள் இதில்தான் முடிகின்றன. அடிப்படை நிலைக்கு 'மாபு' என்று பெயர். குதிரைமேல் உட்கார்ந்தவர்போல முழங்கால் மடக்கி நிற்பது அது. அசைவுகளை வரிசையாகக் கோத்துப் பயில்வது 'தாவ்லூ'. தாய்ச்சியில் இருவர் கையோடு கை ஒட்டி நின்று, எதிராளியின் பலம் எந்தத் திசையில் வருகிறது என்பதைத் தொடுகையாலேயே அறியும் பயிற்சிக்குத் 'துய்ஷோவ்' என்று பெயர்.

உறவுமுறைச் சொற்கள் இன்னும் சுவையானவை. ஆசிரியரைக் குறிக்கும் 'ஷிஃபு' என்ற சொல்லில் குரு, தந்தை என்ற இரண்டு பொருளும் சேர்ந்திருக்கின்றன. அவர் மனைவி 'ஷிமு', அதாவது குருத்தாய். குருவின் குரு தாத்தா முறை. முன்னால் சேர்ந்தவர் அண்ணன், பின்னால் சேர்ந்தவர் தம்பி. பல பள்ளிகளில் இதற்கு வயது கணக்கில்லை, சேர்ந்த நாள்தான் கணக்கு. மாணவர் மண்டியிட்டுத் தேநீர் வழங்கி ஆசிரியரிடம் முறைப்படி சேரும் சடங்குக்குப் 'பைஷி' என்று பெயர். அதன் பிறகு அவர் அந்தக் குடும்பத்துப் பிள்ளை.

குடும்பம் என்றால் கொடிவழி வேண்டும், கொடிவழிக்கு ஒரு மூதாதை வேண்டும். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

தாய்ச்சியை எடுத்துக்கொள்வோம். யாங் பாணியை உண்டாக்கிய யாங் லூச்சான் (1799–1872), ஹெனான் மாநிலத்துச் சென் கிராமத்தில் சென் சாங்ஷிங்கிடம் கற்றுப் பெய்ஜிங்கில் கற்பித்தவர். இது வரலாறு. சென் குடும்பத்துக் கலையை 17-ஆம் நூற்றாண்டுச் சென் வாங்டிங் வரை ஆய்வாளர்கள் கொண்டுபோகிறார்கள். அதற்கும் மேலே சாங் சான்ஃபெங் என்ற தாவோ முனிவர்தான் மூலவர் என்பது கதை. விங் சுன் பாணியும் அப்படித்தான். புரூஸ் லீயின் ஆசிரியர் இப் மான் (1893–1972) வரலாற்று மனிதர். ஆனால் அந்தப் பாணியைத் தோற்றுவித்ததாகச் சொல்லப்படும் இங் மூய் என்ற பிக்குணி கதையில் வருபவர். ஆக, கொடிவழியின் அடிப்பகுதி வரலாறு, உச்சிப்பகுதி கதை. ஷாவோலினில் அந்த உச்சியில் வைக்கப்பட்டிருப்பவர்தான் நம் போதிதர்மர்.

பழைய ஏடுகள் என்ன சொல்கின்றன? கி.பி. 547-இல் யாங் ஷுவான்சி எழுதிய லோயாங் மடங்களைப் பற்றிய நூல் அவரைப் பாரசீகர் என்கிறது. அவர் மாணவர் எனப்படும் தான்லின் எழுதிய முன்னுரையோ, தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாம் மகன் என்கிறது. அதில் காஞ்சி என்ற பெயர் இல்லை. இரண்டிலுமே சண்டைக் கலையைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

ஷாவோலின் துறவிகள் சண்டையிட்டது உண்மைதான். 621-இல் லீ ஷிமின் என்ற இளவரசருக்குப் போரில் உதவினார்கள். பின்னாளில் டாங் பேரரசர் ஆனவர் அவர். உதவிய 13 துறவிகளின் பெயர்கள் 728-ஆம் ஆண்டுக் கல்வெட்டில் உள்ளன. அதிலும் போதிதர்மர் கற்பித்தார் என்ற பேச்சில்லை.

அப்படியானால் அவர் பெயர் எப்படி வந்தது? 'யீஜின் ஜிங்' என்ற உடற்பயிற்சி நூல் வழியாக வந்தது. தசைநார்களை மாற்றும் நூல் என்பது பெயரின் பொருள். இது போதிதர்மர் விட்டுச் சென்றது என்று 7-ஆம் நூற்றாண்டுத் தளபதி லீ ஜிங் பெயரில் ஒரு முன்னுரை சொல்கிறது. ஆனால் நூல் 1624-ஐ ஒட்டி எழுதப்பட்டது. அந்த முன்னுரையில், ஒரு பழங்கதையில் மட்டுமே வாழ்ந்த வீரன் ஒருவன் லீ ஜிங்குக்கு நூலைத் தந்ததாக வருகிறது! கட்டியவர் அந்த இடத்தில் அகப்பட்டுக்கொண்டார். 1930-இல் தாங் ஹாவ் என்ற சீன ஆய்வாளர் இதையும், சாங் சான்ஃபெங் கதையையும் சான்றுகளோடு மறுத்து நூல் எழுதினார். தம் நாட்டுக் கதையையும் அயல்நாட்டார் கதையையும் அவர் ஒரே தராசில் நிறுத்தது எனக்குப் பெரிய பாடமாக இருந்தது.

இதனால் நமக்கு ஒன்றுமே மிஞ்சாது என்று எண்ண வேண்டாம். ஷாவோலின் மடம் 495-ஐ ஒட்டிக் கட்டப்பட்டதே பாத்துவோ என்ற இந்தியத் துறவிக்காகத்தான். போதிதர்மர் சீனத் தியான மரபின் முதல் குருவாக இன்றும் போற்றப்படுகிறார். ஷாவோலின் முதலில் புகழ்பெற்றது கோல் சண்டையில்தான். அந்தக் கோலைக் கற்பித்த காவல் தெய்வமென்று 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துறவிகள் சொன்ன பெயர் 'ஜின்னாலுவோ'. அது வேறு யாருமல்லர், நாம் அறிந்த கின்னரர்தான்! சமயத்தின் வழியாக இந்தியா அந்த மடத்தின் கனவுகளுக்குள்ளேயே போய்ச் சேர்ந்திருக்கிறது.

சென்ற வாரம் அந்தப் பெண்ணைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதுவே நல்லா இருக்கே மாமா, இதையே மேடையில சொல்லியிருக்கலாமே" என்றாள்.

அடுத்த பொங்கலுக்கு இதையே சொல்லப்போகிறேன். கைதட்டல் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை.