விசில் ஊதாத பயிற்சியாளர்

அமெரிக்கர் கால்பந்து நாம் அறிந்த கால்பந்தன்று. பந்தைக் கையிலேந்தி ஓடுபவனை மோதி வீழ்த்தும் முரட்டு ஆட்டம். 1943-இல் கொலராடோவின் டிரினிடாட் நகரக் கத்தோலிக்கப் பள்ளிப் பயிற்சியாளர் போருக்கு அழைக்கப்படவே, பதினாறு வயது மாணவர் ஜான் கலார்டி அப்பொறுப்பை ஏற்றார். பயிற்சியின் நடுவே தண்ணீர் அருந்தலாகாது என்ற அந்நாளைய வழக்கத்தை உடனே நீக்கினார்.

மொண்டானாவில் நான்காண்டுகள் பணியாற்றியபின், 1953 முதல் 2012 வரை மினசோட்டாவில், ஆசீர்வாதப்பர் சபைத் துறவியரின் புனித அருளப்பர் பல்கலைக்கழகத்திலேயே நிலைத்தார். பயிற்சியில் மோதி வீழ்த்துதல் இல்லை, விசிலும் இல்லை. விரும்பி வந்த மாணவர் எவரையும் கழித்ததில்லை. அவர்களோ அவரை ‘ஜான்’ என்றே அழைத்தனர். நம் ஆசிரியப் பெருமக்கள் பொறுப்பார்களோ, அறியோம்! மொத்த வெற்றிகள் 489. கல்லூரிக் கால்பந்தில் அதுவரை எவரும் எட்டாத எண்ணிக்கை.

பிரம்பின்றிப் பிள்ளை உருப்படாது என வாதிடும் தந்தையரிடம் இக்கணக்கைச் சொல்லிப் பார்த்தோம். “சாமி, விளையாட்டு வேறு, படிப்பு வேறு” என்கிறார்கள்.