உஷார்! உறையில் போட்ட 16எக்ஸை நம்பி முகூர்த்தத்தைத் தொலைக்காதீர்கள்

மணலூர்பேட்டைப் பக்கம் கேசட் காலம் போய் டிவிடி காலத்தில் கல்யாணம் முடித்த வீடுகள் உடனே கவனிக்க வேண்டிய விஷயம் இது. பீரோவில் ஆல்பத்தோடு கிடக்கும் கல்யாண டிவிடியை இன்றைக்கே போட்டுப் பாருங்கள். முதல்நாள் ராத்திரி பெண்ணழைப்பு, மேடைக் கூட்டம் எல்லாம் சுத்தமாக ஓடும். காலை முகூர்த்தம் நெருங்கும்போது படம் கட்டம் கட்டமாக உடைந்து, தாலி கட்டுகிற இடத்தில் நின்றுவிட்டால் பிளேயரைத் தட்டாதீர்கள். கோளாறு அந்த டிஸ்க்கை எழுதிய வேகத்தில் இருக்கலாம்.

டிவிடியை உள்வட்டத்தில் தொடங்கி விளிம்பை நோக்கித்தான் எழுதுவார்கள். காலி டிஸ்க்கின் உறையில் 16எக்ஸ் வேகம் என்று இருந்தாலும் டிவிடி ரைட்டர் சுமார் ஆறரை எக்ஸில்தான் ஆரம்பிக்கும். தட்டு ஒரே சீராகச் சுழல, வெளியே போகப் போக வேகம் ஏறும். 16எக்ஸைத் தொடுவது கடைசி விளிம்பில். தட்டு அதிகம் ஆடுவதும் லேசர் குறி தப்புவதும் அங்கேதான். நம் ஊர்க் கல்யாணத்தில் முகூர்த்தம் போய் உட்காருவதும் அங்கேதான்!

சரி, இந்த வேகத்தை முடிவு செய்வது யார்? ஸ்டுடியோக்காரர் கம்ப்யூட்டரில் தேர்ந்தெடுக்கிறார், உண்மைதான். ஆனால் அவர் முன்னால் வரும் வேகப் பட்டியலைக் கொடுப்பதே ரைட்டர். ஒவ்வொரு காலி டிஸ்க்கின் தடத்திலும் தயாரித்த ஆலையின் குறியீடு பதிந்திருக்கிறது. டிஸ்க் உள்ளே போனதும் ரைட்டர் அதைப் படித்து, தனக்குள் இருக்கும் அட்டவணையில் தேடும். இந்தச் சாயப்பூச்சுக்கு லேசரை எப்படித் துடிக்கவிடுவது, எந்த வேகம் வரை போகலாம் என்பதெல்லாம் அதில் இருக்கும். பிறகு டிஸ்க்கில் ஒதுக்கிய ஓர் இடத்தில் சின்னதாகச் சுட்டுப் பார்த்து லேசரின் பலத்தைச் சரிசெய்துகொள்ளும். குறியீடு தெரியாததாக இருந்தால் பொதுவான கணக்கில், பெரும்பாலும் மெதுவாக எழுதும்.

குறியீடே பொய்யாக இருந்தால் பெரிய ஆபத்து. ஜப்பானின் தாயோ யூடன் டிஸ்க்குகள் தரத்துக்குப் பேர்போனவையாக இருந்தன. அதன் குறியீட்டைப் போலியாகப் பதித்த மட்டமான டிஸ்க்குகள் சந்தையில் புழங்கின. ரைட்டருக்கு முகம் பார்க்கத் தெரியாது. குறியீட்டை நம்பி, மோசமான பூச்சின் மீது முழு வேகத்தில் எழுதித் தள்ளிவிடும். அன்றைக்கு ஓடும், ஸ்டுடியோவிலும் போட்டுக் காட்டுவார்கள். பூச்சு கரிமச் சாயம் என்பதால் தகரக் கூரை வீட்டின் வெக்கையிலும் ஈரத்திலும் மங்கிக்கொண்டே வரும். அரைகுறையாகப் பதிந்த இடம் முதலில் போகும்.

இன்னமும் டிஸ்க்கில் எழுதிக் கொடுப்பவர்கள் கவனிக்க: முழு டிவிடி 16எக்ஸில் சுமார் ஆறு நிமிடம், 8எக்ஸில் சுமார் எட்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்தை மிச்சம் பிடிக்காதீர்கள். அதற்காக 'மெதுவாக எழுதினால் எப்போதும் நல்லது' என்று 1எக்ஸுக்கு இறங்கவும் வேண்டாம். வேகத்துக்கென்று தயாரான பூச்சுக்கு நடு வேகமே பெரும்பாலும் ஒத்துவரும். எழுதி முடித்ததும் சரிபார்க்கும் வசதியைக் கட்டாயம் ஓடவிடுங்கள்.

பழைய டிஸ்க் வைத்திருப்பவர்களுக்கு அவகாசம் அதிகமில்லை, டிஸ்க் தொழிலே ஒடுங்கிக்கொண்டு வருகிறது. மலிவு விலையில் தமிழ்ப் படங்களை டிஸ்க்கில் விற்ற மோசர் பேர் நிறுவனத்தைக் கலைக்க 2018-இலேயே உத்தரவு வந்துவிட்டது. பதிவு செய்யும் புளூரே டிஸ்க் தயாரிப்பை சோனி 2025 பிப்ரவரியில் நிறுத்தியது. பெரும்பாலான புது லேப்டாப்புகளில் டிஸ்க் டிரைவே வருவதில்லை.

2024 டிசம்பரில் ஃபெஞ்சல் மழைக்குச் சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணை ஊருக்குள் புகுந்ததே, அப்போது சேறு பட்ட டிஸ்க்குகளையும் தூக்கி எறியாதீர்கள். நல்ல தண்ணீரில் அலசி, மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைத்து, நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் வைத்தால் மிச்சமும் போய்விடும். ஒரு டிரைவில் ஓடாதது இன்னொன்றில் ஓடலாம், மாற்றிப் போட்டுப் பாருங்கள். ஓடுகிறபோதே பென் டிரைவ் ஒன்றிலும் ஹார்ட் டிஸ்க் ஒன்றிலும் நகல் எடுத்துவிடுங்கள். தை 5 ஆற்றுத் திருவிழாவுக்கு உறவுகள் வந்து 'கல்யாண வீடியோவைப் போடு' என்று கேட்பதற்குள் இதை முடித்துவிடுங்கள்.