தென்காசிக்குக் குடிபோகிறவர்களுக்கு

தென்காசிக்கு மாற்றலாகி வரும் இளங்குடும்பங்கள் பெரும்பாலும் மே மாதத்தில்தான் சாமான் இறக்குகின்றன. பழைய பள்ளியில் பரீட்சை முடிந்திருக்கும். புதிய பள்ளி ஜூனில் திறக்கும். கோடை வெயிலில் வீடு பார்த்து, அட்வான்ஸ் கொடுத்து, பால் காய்ச்சி உட்கார்ந்த பிறகுதான் ஊர் தன் உண்மையான முகத்தைக் காட்டுகிறது. ஜூனில் தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியே புகுந்துவிட்டால் நாள் முழுக்கச் சாரல். கொடியில் போட்ட பள்ளிச் சீருடை இரண்டு நாளானாலும் காயாது. மேற்கே திறந்திருக்கும் மொட்டைமாடியை மலை தெரிகிறது என்று ஆசைப்பட்டு எடுத்தவர்கள், கூரை போட்ட ஒரு தாழ்வாரம் இல்லையே என்று அப்போது தவிப்பார்கள்.

வருகிறவர்கள் முன்பைவிடக் கூடியிருப்பதற்குக் காரணங்கள் உண்டு. 2019 நவம்பர் 22இல் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தென்காசி தனி மாவட்டமானது. ஆட்சியர் அலுவலகம், காவல் கண்காணிப்பாளர் அலுவலகம் என்று வரிசையாக வந்தன. அவற்றோடு அரசு ஊழியர் குடும்பங்களும் வந்தன. அதற்கு முன்பே, 2011இல், அருகிலுள்ள மத்தளம்பாறையில் ஜோஹோ நிறுவனம் அலுவலகம் திறந்தது. கணினி வேலை என்றால் சென்னை, பெங்களூரு என்றிருந்த நிலை இந்தப் பக்கத்தில் அதிலிருந்து மாறத் தொடங்கியது.

வீடு தேடும்போது பலர் அலுவலகத்துக்குப் பக்கம் என்பதைத்தான் முதலில் பார்க்கிறார்கள். சிற்றூரில் அந்தக் கணக்கு உதவாது. ஏழெட்டுக் கிலோமீட்டர் இங்கே ஒரு தூரமே இல்லை. பைக்கில் கால் மணி, இருபது நிமிடம். வேலைக்குப் போகிறவருக்கு ஊர் முதல் நாளே பிடிபட்டுவிடும். அலுவலகத்தில் ஆள் இருக்கிறது, டீ இருக்கிறது, பேச்சு இருக்கிறது. கைக்குழந்தையோடு வீட்டில் இருப்பவருக்குத்தான், பெரும்பாலும் சென்னையில் பார்த்த வேலையை விட்டுவிட்டு வந்த மனைவிக்கு, பகல் பொழுது நீளும். ஊருக்கு வெளியே புது மனைப்பிரிவில் வீடு விசாலமாக இருக்கும், வாடகையும் குறையும். ஆனால் பதினொரு மணிக்கு மேல் தெருவில் ஈ காக்கை இருக்காது. காசி விசுவநாதர் கோயிலைச் சுற்றியுள்ள பழைய தெருக்களில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. ஆனால் மளிகைக் கடை, மருந்துக் கடை, எதிர்வீட்டுத் திண்ணை எல்லாம் நடை தூரத்தில் இருக்கும். வீட்டில் இருப்பவரின் காலடி தூரத்தை வைத்து வீடு பார்க்க வேண்டும்.

அந்தத் திண்ணையிலிருந்து கேள்விகள் வரும். "எந்த ஊருக்கா உங்களுக்கு? இங்க சொந்தக்காரவுக யாரும் இருக்காவளா? சாருக்கு எதுல வேலை?" பெருநகரத்திலிருந்து வந்தவர்களுக்கு இது துருவுவதாகப் படும். துருவல்தான், ஆனால் உதவியும் அதே வாயிலிருந்துதான் வரும். "சின்னப் புள்ளைய வச்சிருக்கிய, ராத்திரி எதுனாலும் கதவத் தட்டுங்க" என்று சொல்கிறவரும் அதே அக்காதான். நகராட்சித் தண்ணீர் எந்த நாள், எத்தனை மணிக்கு வரும், ஞாயிற்றுக்கிழமை எந்தக் குழந்தை டாக்டர் இருப்பார் என்பதெல்லாம் அவரைக் கேட்டால்தான் தெரியும்.

எல்லோருக்கும் இது ஒத்துவருவதில்லை. இதே மாவட்டத்தில், தன் மனைவி செல்லம்மாவின் ஊரான கடையத்தில், பாரதியார் 1918 கடைசியிலிருந்து 1920 வரை மனைவி, இரண்டு மகள்களோடு குடியிருந்தார். சாதி ஆசாரங்களை மதிக்காத அவருடைய போக்கை அக்ரஹாரம் ஏற்றுக்கொள்ளவில்லை. சிற்றூரின் கண்காணிப்பு இன்றும் சாதி, மதம், உணவு என்று வாடகை வீட்டு வாசலிலேயே தொடங்கிவிடுவதுண்டு. அதை ஊர்ப்பாசம் என்று பூசி மெழுகுவது நியாயமல்ல.

குழந்தைகள் விஷயத்தில் மறந்துவிடக் கூடாத ஒன்று தடுப்பூசி. வீடு மாறும் அமளியில் தாய் சேய் நல அட்டை ஏதோ ஒரு அட்டைப்பெட்டியின் அடியில் போய்விடுகிறது. ஒன்பது மாதத்தில் ஒன்று, பதினாறு முதல் இருபத்து நான்கு மாதத்துக்குள் இன்னொன்று, ஐந்து வயதில் மற்றொன்று என்று தவணைகள் இருக்கின்றன. கடைசித் தவணைதான் அதிகம் விட்டுப்போவது. அட்டையைக் கொண்டுபோனால் எந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இலவசமாகப் போடுவார்கள். தமிழ்நாட்டில் வழக்கமாகப் புதன்கிழமை. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தையை அங்கன்வாடியில் பதிந்துவிட்டால் இந்தத் தேதிகளை அந்த ஊழியரே நினைவூட்டுவார். அங்கே வரும் மற்ற தாய்மார்கள்தான் பலருக்கு இந்த ஊரில் கிடைக்கும் முதல் பழக்கம்.

பள்ளிக்கூடத்தில் டி.சி. வரவில்லை என்று திருப்பி அனுப்பினால் கலங்க வேண்டாம். ஆறு முதல் பதினான்கு வயதுவரையுள்ள பிள்ளையை டி.சி. தாமதமாகிறது என்பதற்காக அரசுப் பள்ளியோ அரசு உதவி பெறும் பள்ளியோ சேர்க்காமல் இருக்கக் கூடாது; 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவு இதைச் சொல்கிறது.

மற்ற காகித வேலைகள் மெதுவாக நடக்கலாம். கேஸ் இணைப்புக்குப் பழைய ஏஜென்சியில் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து ரசீது வாங்கிவர வேண்டும். வாக்காளர் பட்டியலில் முகவரி மாற்றப் படிவம் 8. வாடகை ஒப்பந்தத்தை மட்டும் வாய்ச்சொல்லாக விட்டுவிடக் கூடாது. 2019 முதல் நடப்பிலுள்ள சட்டப்படி அது எழுத்தில் இருக்க வேண்டும். தனியாக வேறு உடன்பாடு செய்துகொள்ளாவிட்டால், குடியிருக்கும் வீட்டுக்கு மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்க முடியாது.

குற்றாலம் பக்கத்திலேயே இருப்பதால் பிள்ளைகள் ஞாயிறு தோறும் அருவிக்குப் போக நச்சரிப்பார்கள். சீசன் ஞாயிறு வெளியூர்க் கூட்டத்துக்கு. உள்ளூர்க்காரர்கள் வாரநாளில் விடியற்காலை போய்விட்டு வருவார்கள். அருவிக்கரையில் வெயில் அடித்தாலும் மேலே மலையில் மழை பெய்தால் வெள்ளம் நொடியில் இறங்கும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் அப்படி வந்த வெள்ளத்தில் பள்ளி மாணவன் ஒருவன் உயிரிழந்தான். தண்ணீர் செம்மண் நிறமாக மாறினாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு உடனே மேலேறிவிட வேண்டும். காவலர் விசில் ஊதும்வரை காத்திருக்கக் கூடாது.