எங்களுக்கு வேறு கிளைகள் இல்லை

பெங்களூரில் ஒரு சின்னக் கடை நன்றாக ஓடுகிறது என்பதற்கு இப்போது ஓர் அடையாளம் இருக்கிறது. சாப்பிட்டுக் கை கழுவியவர் கல்லாவுக்கு வந்து, க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணிக்கொண்டே, “அண்ணா, பிரான்சைஸ் குடுப்பீங்களா?” என்று கேட்பார். ஐடி வேலையில் சலித்துப்போனவராக இருக்கலாம். பணி ஓய்வில் வந்த பணத்தை எதில் போடுவது என்று தேடுபவராக இருக்கலாம். ஓசூரிலோ கோவையிலோ சாலையோரக் கட்டடத்தைக் காலியாக வைத்திருப்பவராகவும் இருக்கலாம். முதல் ஆள் கேட்கும்போது முதலாளி சிரித்து மழுப்புவார். நாலைந்து பேர் கேட்டுவிட்டால் அவருக்கே ராத்திரி தூக்கம் பிடிக்காது.

ரிச்சர்ட்ஸ் டவுன் மாதிரி ஓர் இடத்தில் கடை வைத்திருப்பவருக்கு இந்தக் கேள்வி கொஞ்சம் கூடுதல் சிக்கல். பெங்களூர் ஈஸ்ட் ரயில் நிலையம் பக்கத்தில். சுற்றிலும் ஃபிரேசர் டவுன், காக்ஸ் டவுன், குக் டவுன். பழைய தண்டுப் பகுதி, அதாவது கண்டோன்மென்ட். பங்களாக்கள் ஒவ்வொன்றாக அடுக்ககங்களாகிவிட்டாலும், காய்கறி வண்டியிலும் மெஸ்ஸிலும் தமிழ் இன்னும் சரளமாகப் புழங்குகிறது. தாத்தா வந்த கடைக்குப் பேரன் வருகிற ஊர் இது. வருகிறவரின் வீட்டு விசேஷம், சர்க்கரை நோய், மகன் துபாய் போனது எல்லாம் கல்லாவில் இருப்பவருக்குத் தெரியும். இந்தக் கடை ஓடுவது சரக்காலா, முதலாளியாலா, பேட்டையாலா? இதற்கு விடை தெரியாமல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதுதான் பிரான்சைஸில் நடக்கும் முதல் விபத்து.

கூப்பிடு தூரத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. ஃபிரேசர் டவுன் மாஸ்க் ரோட்டில் ஆல்பர்ட் பேக்கரி. 1902இல் தொடங்கியது. காலையில் போனால் கதவு சாத்தியிருக்கும், பிற்பகலில்தான் திறப்பார்கள். மூளை பஃப்ஸுக்குப் பெயர் போன கடை. புனித வெள்ளிக்குச் சிலுவைக் குறி போட்ட பன், ரம்ஜானுக்குக் கோவா நான் என்று அந்தப் பேட்டையின் நாள்காட்டியை ஒட்டியே அதன் அடுப்பும் எரிகிறது. இதைத் தூக்கிக்கொண்டுபோய் ஒயிட்ஃபீல்டில் ஒரு மாலுக்குள் வைத்தால் என்ன ஆகும்? மால்காரர் காலை பத்து மணிக்குக் கதவைத் திறக்கச் சொல்வார். பத்து மணிக்குத் திறந்தால் பஃப்ஸைக் காலையில் போட வேண்டும்; போட்டது மாலைக்குள் விற்க வேண்டும்; விற்காவிட்டால் மறுநாள் சூடுபண்ண வேண்டும். நூற்றாண்டுப் பெயர் ஒரு மைக்ரோவேவில் கரைந்துவிடும்.

இதற்கு நேர் எதிர்த் திசையில் போனவர்கள் ஐயங்கார் பேக்கரிக்காரர்கள். ஹாசன் மாவட்டத்திலிருந்து வந்த திருமலாச்சாரும் சகோதரர்களும் 1898இல் தொடங்கிய பெங்களூர் பிரதர்ஸ் பேக்கரியிலிருந்து அந்தக் கதையைச் சொல்வார்கள். அங்கே தொழில் பழகியவர் தனிக்கடை போட்டார். அவரிடம் பழகிய ஊர்க்காரப் பையன் அடுத்த தெருவில் போட்டான். இன்று தேன் கேக்கும் தில்பசந்தும் காரா பன்னும் கிடைக்காத பேட்டை பெங்களூரில் இல்லை. ராயல்டி கிடையாது, தலைமை அலுவலகம் கிடையாது, ‘ஐயங்கார் பேக்கரி’ என்ற பெயர் யாருக்கும் தனிச்சொத்தும் கிடையாது. தொழில் பரவியது, தொடங்கியவருக்கு அதிலிருந்து ஒரு பைசா வரவில்லை. தமிழ்நாட்டு நெடுஞ்சாலைகளில் பித்தளை டபராவோடு வரிசைகட்டும் கும்பகோணம் டிகிரி காபிக் கடைகளின் கதையும் ஏறக்குறைய இதுதான். ஒரு பெயர் ஊர்ப் பெயராகிவிட்டால் அதை யாராலும் பிடித்து நிறுத்த முடியாது.

இரண்டுக்கும் நடுவில் போனவர்களும் உண்டு. நாராயண் ராவ் 1982இல் ரெசிடென்ஸி ரோட்டில் தொடங்கிய கார்னர் ஹவுஸ், பிரான்சைஸ் கொடுத்து வளர்ந்த ஐஸ்கிரீம் கடை. பல பத்தாண்டுகள் பெங்களூருக்கு உள்ளேதான் கிளை பரப்பியது. அது ஐஸ்கிரீம் என்பதை மறக்கக் கூடாது. ஓரிடத்தில் செய்து உறைய வைத்து, வண்டியில் ஏற்றி, எல்லாக் கடைக்கும் ஒரே சரக்கை அனுப்பலாம். கடைக்காரர் செய்ய வேண்டியது அளந்து எடுத்து அடுக்குவதுதான். சென்னையில் 2000இல் குமரவேல், வீணா தம்பதி தொடங்கிய நேச்சுரல்ஸ் அழகு நிலையம், பெண்களைக் கடை முதலாளிகளாக்கியே நாடு முழுக்கப் போனது. அங்கே கைவேலைதான் சரக்கு. ஆகவே பயிற்சியே அவர்களுடைய சமையலறை.

தோசைக் கடைக்கு வருவோம். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 920 மீட்டர் உயரம். மார்கழியில் இங்கே மாவு புளிக்கப் படுத்தும் பாடு இல்லத்தரசிகளுக்குத் தெரியும். மாஸ்டர் ராத்திரி மாவில் கையை விட்டுப் பார்த்து, உப்பை இப்போதே போடுவதா காலையில் போடுவதா, பாத்திரத்தை அடுப்பங்கரைக்கு நகர்த்துவதா என்று முடிவுசெய்வார். யாரும் எழுதி வைத்த விதி இல்லை. அவர் கைக்குத் தெரியும். அதே கடையைச் சென்னை வேளச்சேரியில் மே மாதம் திறந்தால், இரவு எட்டு மணிக்கு அரைத்த மாவு விடிவதற்குள் பொங்கிப் பாத்திரத்தைத் தாண்டியிருக்கும். ‘பன்னிரண்டு மணி நேரம் புளிக்கவிடவும்’ என்று பிரான்சைஸ் கையேட்டில் அச்சடித்துக் கொடுத்தால் அங்கிருப்பவர் அதை நம்பிப் புளித்த தோசை ஊற்றுவார். ஐடி ஃபிரெஷ் நிறுவனத்தின் முஸ்தபாவும் அவருடைய உறவுச் சகோதரர்களும் 2005இல் திப்பசந்திராவில் ஒரு சின்ன அறையில் தொடங்கியபோது இந்தச் சிக்கலை வேறு விதமாகத் தீர்த்தார்கள். கடையைப் பெருக்காமல் மாவைப் பாக்கெட்டில் போட்டு மளிகைக் கடைகளுக்கு அனுப்பினார்கள். பெருகுவதற்குப் பிரான்சைஸ் ஒன்றுதான் வழி என்று யாரும் விதிக்கவில்லை.

சரி, கணக்குக்கு வருவோம். பெரும்பாலான முதலாளிகள் ஏமாறுவது இங்கேதான். அவர்களை யாரும் ஏமாற்றுவதில்லை, தங்கள் கணக்கே அவர்களை ஏமாற்றுகிறது. ரிச்சர்ட்ஸ் டவுனில் அப்பா வாங்கிப்போட்ட கட்டடத்தில் ஒருவர் மெஸ் நடத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 6 லட்சம் விற்பனை. சரக்குக்கு 2.4 லட்சம், ஆட்களுக்கு 1.3 லட்சம், கேஸ், கரண்ட், தண்ணீர், பேக்கிங் என்று 50 ஆயிரம் போக 1.8 லட்சம் கையில் நிற்கிறது. “முப்பது சதவீதம் லாபம்” என்று நண்பர்களிடம் பெருமையாகச் சொல்வார். அதை நம்பித்தான் பிரான்சைஸ் கேட்பவர் வருகிறார்.

வந்தவருக்குச் சொந்தக் கட்டடம் இல்லை. வாடகை 80 ஆயிரம். பெங்களூர் வழக்கப்படி அட்வான்ஸாகவே சில லட்சங்கள் முடங்கிவிடும். மிச்சம் ஒரு லட்சம். அதில் 5 சதவீதம் ராயல்டி என்றால் 30 ஆயிரம். ராயல்டிக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், ஆக 5,400. சாதாரண உணவகம் வாடிக்கையாளரிடம் வாங்குவது 5 சதவீத ஜிஎஸ்டி. அந்த விகிதத்தில் இருப்பவர் தான் கட்டிய உள்ளீட்டு வரியைக் கழித்துக்கொள்ள முடியாது. எனவே அந்த 5,400 முழுக்கச் செலவு. இப்போது கையில் 64,600. கடை போட 25 லட்சம் கடன் வாங்கியிருந்தால் ஆண்டுக்கு 12 சதவீதம் என்று வட்டி மட்டும் மாதம் 25 ஆயிரம். மிஞ்சுவது 39,600. மூல முதலாளி தானே கல்லாவில் உட்காருகிறார், அவர் மனைவி சமையலறையைப் பார்த்துக்கொள்கிறார். இருவருக்கும் சம்பளம் கணக்கில் வராது. புதியவர் ஒரு மேனேஜரை வைத்தால் அந்த 39,600உம் போயிற்று. உணவு டெலிவரி ஆப்களின் கமிஷனை நான் இன்னும் தொடவே இல்லை. நம் முதலாளி லாபம் என்று சொன்னதில் பெரும்பகுதி, அவர் தனக்குத்தானே கொடுக்காத சம்பளமும் வாடகையும்தான்.

ஆகவே என் தீர்ப்பு இது: யாருக்காவது கொடுக்கும் முன் இரண்டாவது கடையை நீங்களே திறக்க வேண்டும். ரிச்சர்ட்ஸ் டவுனிலோ குக் டவுனிலோ வேண்டாம். ஸ்கூட்டரில் போய் எட்டிப் பார்க்க முடியாத தூரத்தில், முழு வாடகை கொடுத்து, சம்பளத்துக்கு மேனேஜர் வைத்து. ஒரு கோடையும் ஒரு குளிர்காலமும் போகட்டும். உங்கள் முகம் இல்லாமல், உங்கள் கைப்பக்குவம் இல்லாமல், 5 சதவீதத்தை ராயல்டி போல ஒதுக்கிய பிறகும் அந்தக் கடையில் காசு நின்றால் கொடுங்கள். நிற்காவிட்டால், உங்களுக்கு நிற்காத காசு இன்னொருவருக்கு எப்படி நிற்கும்? இரண்டாவது கடைக்குப் பணமில்லை, அதனால்தான் பிரான்சைஸ் என்பார்கள் சிலர். அதாவது சோதனைச் செலவை அடுத்தவன் பணத்தில் செய்வது.

தமிழ்நாட்டில் சில ஆண்டுகளாக நடப்பது அதுதான். சில லட்சத்தில் டீக்கடை முதலாளி ஆகலாம் என்று விளம்பரம். இப்படிப்பட்ட இடங்களில் ஒன்றே ஒன்றைக் கேட்க வேண்டும்: கம்பெனிக்குப் பணம் எதிலிருந்து வருகிறது, டீ விற்பதிலிருந்தா, கடை விற்பதிலிருந்தா? சேர்க்கைக் கட்டணத்திலேயே லாபம் பார்ப்பவருக்கு, உங்கள் கடை ஆறாம் மாதம் ஷட்டரை இறக்கினாலும் நஷ்டமில்லை. அமெரிக்காவில் பிரான்சைஸ் விற்பவர், பணம் வாங்குவதற்குக் குறைந்தது 14 நாள் முன்பே தன் வழக்கு விவரங்களையும் மூடிய கடைகளின் கணக்கையும் எழுத்தில் கொடுத்தாக வேண்டும். இந்தியாவில் பிரான்சைஸுக்கென்று தனிச் சட்டமே இல்லை. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், 1999ஆம் ஆண்டின் வணிகச் சின்னச் சட்டம் போன்ற பொதுச் சட்டங்களை வைத்துத்தான் இந்தத் தொழிலே ஓடுகிறது. எனவே மூடிய கடைகளின் பட்டியலைக் கேட்டு வாங்குவது கேட்பவரின் பொறுப்பு. கேட்காமலே கொடுப்பது நல்ல முதலாளிக்கு அழகு.

கொடுப்பவருக்கும் பயம் உண்டு. தொழிலைக் கற்றுக்கொண்டு, ஒப்பந்தம் முடிந்த மறுநாள் போர்டை மட்டும் மாற்றி, அதே மாஸ்டரை வைத்து அதே குழம்பை விற்றால்? ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்வரை ‘போட்டித் தொழில் செய்யாதே’ என்று கட்டுப்படுத்தலாம். கோகோ-கோலாவுக்கும் குஜராத் பாட்லிங் கம்பெனிக்கும் நடந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995இல் அதை ஏற்றது. ஒப்பந்தம் முடிந்த பிறகும் கட்டுப்படுத்த நினைத்தால் ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். மிஞ்சுவது இரண்டே பிடி. ஒன்று, உங்களிடமிருந்து மட்டுமே போகும் மசாலாவோ காபிப் பொடியோ. இன்னொன்று, பெயர். பெயரோடு கடையின் போன் நம்பர், கூகுள் மேப் பதிவு, டெலிவரி ஆப் கணக்கு ஆகியவையும் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். கடை கைமாறும்போது சண்டை வருவது பெரும்பாலும் இவற்றில்தான்.

பெயர் விஷயத்தில் எம்டிஆரைப் பார்த்தால் போதும். 1924இல் தொடங்கிய உணவகம் இன்றும் மையா குடும்பத்திடம் இருக்கிறது. பாக்கெட் மசாலாவும் மிக்ஸும் விற்கும் எம்டிஆர் ஃபுட்ஸ் 2007இல் நார்வேயின் ஓர்க்லா நிறுவனத்துக்குப் போய்விட்டது. ஒரே பெயர், இரண்டு உடைமையாளர்கள். விற்ற சதானந்த மையா மறுபடி உணவுத் தொழிலுக்கு வந்தபோது ‘மையாஸ்’ என்று புதுப் போர்டு மாட்ட வேண்டியிருந்தது. திண்டுக்கல்லில் நாகசாமி நாயுடு 1957இல் தொடங்கிய பிரியாணிக் கடையின் வாரிசுகள், ‘தலப்பாக்கட்டி’ என்ற பெயரைக் காப்பாற்ற நீதிமன்றப் படியேற வேண்டியிருந்ததும் ஊரறிந்த சங்கதி. முப்பது வருடம் கடை நடத்தியும் பெயரைப் பதிவு செய்யாதவர்கள் இந்தத் தண்டுப் பகுதியில் நிறையப் பேர் இருப்பார்கள் என்பது என் அனுமானம்.

கர்நாடகத்துக்கும் சென்னை வணிகச் சின்னப் பதிவகம்தான். அது இருக்கும் கிண்டிக்கு நேரில் போக வேண்டியதில்லை, ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம். உணவகத்துக்கு 43ஆம் வகுப்பு. மசாலாவும் பேக்கரிப் பண்டமும் விற்றால் 30ஆம் வகுப்பும் சேர்த்து. தனிநபருக்கும் சிறு தொழிலுக்கும் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய் கட்டணம். பதிவு பத்து ஆண்டுகள் செல்லும், பிறகு புதுப்பித்துக்கொள்ளலாம். பிரான்சைஸ் கொடுப்பதா வேண்டாமா என்று ஆற அமர யோசியுங்கள். பெயரைப் பதிவுசெய்யும் வேலையை மட்டும் இந்த வாரமே முடித்துவிடுங்கள்.