பெட்டிக்குள் எந்தக் கேபிள் இருக்க வேண்டும்?

புதிய டர்ன்டேபிளின் பெட்டியைப் பிரித்தால், தெர்மாகோல் இடுக்கில் சுருட்டிக் கட்டிய மெல்லிய கேபிள் ஒன்று கிடக்கும். இரண்டு முனைகளிலும் சிவப்பு, வெள்ளை ஆர்.சி.ஏ. பின்கள். "இது சும்மா ஓட்டிப் பார்க்கக் குடுக்கிறது சார், நல்லதாத் தனியா ஒண்ணு வாங்கிக்குங்க" என்பார் கடைக்காரர். வாங்குபவருக்குக் கோபம் வருவது நியாயம்தான். இவ்வளவு விலை வாங்குகிறவர்கள் உயர்ரகக் கேபிளையும் கூடவே கொடுத்தால் என்ன?

கேபிளைக் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் நாம் கேட்க வேண்டியது விலை உயர்ந்த கேபிளை அல்ல. தன் கருவிக்கு எது ஒத்துப்போகும் என்று தயாரிப்பாளர் கணக்குப் போட்டுத் தேர்ந்ததைக் கேட்க வேண்டும். இரண்டும் ஒன்று என்று நம்பவைத்தே பெரிய வியாபாரம் நடக்கிறது.

டர்ன்டேபிளையே எடுத்துக்கொள்வோம். சிடி பிளேயரிலிருந்து வெளிவரும் சிக்னல் சுமார் 2 வோல்ட். இசைத்தட்டின் மேல் ஓடும் எம்.எம். (நகரும் காந்த) காட்ரிட்ஜ் தருவதோ ஏறத்தாழ 5 மில்லிவோல்ட், அதில் நானூறில் ஒரு பங்கு. அந்த மெல்லிய கேபிளை வெட்டித் தோலை உரித்துப் பாருங்கள். நடுவில் தலைமுடி கனத்தில் சில செம்பு இழைகள். அவற்றைச் சுற்றிக் காப்பாக ஓடும் கம்பிகளுக்கிடையே இடைவெளி. வீட்டு மின்சாரத்தின் 'ம்ம்ம்' என்ற இரைச்சல் அந்த வழியாக நுழைந்துவிடும். பிறகு ஃபோனோ ஆம்ப் இசையோடு சேர்த்து அந்த இரைச்சலையும் நூறு மடங்குக்கும் மேல் பெருக்கும்.

இரைச்சலாவது காதுக்குத் தெரிகிறது. கேபிளின் கெபாசிட்டன்ஸ், அதாவது மின்னூட்டத்தைத் தேக்கும் தன்மை, செய்யும் வேலை வெளியே தெரியாது. காட்ரிட்ஜுக்குள் இருக்கும் கம்பிச்சுருளும் கேபிளின் கெபாசிட்டன்ஸும் சேர்ந்து, ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஒலியைத் தூக்கிக் காட்டும். அதற்கு மேல் சரசரவென்று இறக்கிவிடும். ஆர்ட்டோஃபான் 2எம் ரெட் காட்ரிட்ஜின் சுருள் 700 மில்லிஹென்றி. கேபிளும் ஆம்ப்பின் உள்ளீடும் சேர்ந்து 200 பிக்கோஃபாரட் என்றால் அந்த மேடு 13,000 ஹெர்ட்ஸ் பக்கம் நிற்கும். 400 ஆகிவிட்டால் 9,500க்கு இறங்கிவிடும். ஜால்ராவின் கணீரென்ற ஓசையும் வயலின் வில்லின் உரசலும் இருக்கும் பகுதி அது. 150 முதல் 300 வரை இருக்கட்டும் என்று ஆர்ட்டோஃபான் சொல்கிறது. மீட்டருக்கு 50 பிக்கோஃபாரட் உள்ள கேபிளும் இருக்கிறது, 200ஐத் தாண்டுவதும் இருக்கிறது. வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி. வாங்குபவர் இதை எப்படிக் கண்டுபிடிப்பார்? தயாரிப்பாளர்தான் பார்த்துக் கொடுக்க வேண்டும்.

இங்கிலாந்தின் சாலிஸ்பரியில் ஜூலியன் வெரெக்கர் தொடங்கிய நெய்ம் நிறுவனம் இதை வெகு காலத்துக்கு முன்பே உணர்ந்திருந்தது. மற்றவர்கள் பாதுகாப்புக்காக ஆம்ப்ளிஃபையரின் வெளியீட்டில் வைக்கும் சிறு கம்பிச்சுருளை நெய்ம் தன் பழைய ஆம்ப்புகளில் வைக்கவில்லை. அந்த வேலையை ஸ்பீக்கர் கேபிளே செய்தது. அதனால் தங்கள் கேபிளைப் பயன்படுத்துங்கள், குறைந்தது மூன்றரை மீட்டர் நீளம் இருக்கட்டும் என்று எழுதியே வைத்தார்கள். இரண்டு கம்பிகளையும் தள்ளித் தள்ளி வைத்துச் செய்த கேபிள் அது. கெபாசிட்டன்ஸ் குறையும் என்பதுதான் காரணம், அழகுக்காகச் செய்ததல்ல. இதற்கு நேர்மாறானது போக் நிறுவனம் 1970களின் இறுதியில் விற்ற கோப்ரா கேபிள். ஏராளமான மெல்லிய இழைகளைப் பின்னிச் செய்த அதன் கெபாசிட்டன்ஸ் மிக அதிகம். அதை மாட்டிய சில ஆம்ப்புகள் தாமாகவே அலைபாய்ந்து எரிந்துபோயின. உயர்ரகம் என்று நம்பிப் பணம் கொடுத்தவர்களுக்குத்தான் அந்த இழப்பு.

சாதாரண ஆம்ப், சாதாரண ஸ்பீக்கர் என்றால் கணக்கு எளிது. ஐந்து மீட்டர் தூரத்துக்குப் போய்த் திரும்ப 10 மீட்டர் செம்பு. ஹோம் தியேட்டர் பெட்டிகளில் வரும் அரை ஸ்கொயர் எம்.எம். ஒயர் என்றால் மின்தடை 0.34 ஓம். 4 ஓம் ஸ்பீக்கரில் 0.7 டெசிபல் போய்விடும். அதுவும் எல்லா அதிர்வெண்ணிலும் ஒரே அளவாகப் போகாது, ஒலியின் நிறமே சற்று மாறும். 2.5 ஸ்கொயர் ஒயர் போட்டால் இழப்பு 0.15 டெசிபல்தான். அந்த ஒயர் எந்த எலக்ட்ரிக்கல் கடையிலும் மீட்டர் கணக்கில் கிடைக்கும். அதற்கு மேல் கொடுக்கும் பணத்துக்குக் காதில் விழும் பலன் இருப்பதாக நான் நம்பவில்லை. 1983இல் ஸ்டீரியோ ரெவ்யூ இதழுக்காக லாரன்ஸ் கிரீன்ஹில் நடத்திய மறைவுச் சோதனையில், கேட்டவர்களால் 16 கேஜ் விளக்கு ஒயரையும் கனமான மான்ஸ்டர் கேபிளையும் இசையை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அப்படியும் தனிக் கேபிள் விற்பனை தழைத்ததற்குக் காரணம் கடையின் லாபக் கணக்கு. ஆம்ப் விற்றால் கடைக்கு நிற்பது கொஞ்சம், கேபிள் விற்றால் நிற்பது அதிகம். பெட்டிக்குள் மட்டமான கேபிளை வைப்பது அந்த வியாபாரத்துக்குத் தயாரிப்பாளர் போட்டுக் கொடுக்கும் பாதை. அதற்காக நேர் எதிராகப் போய், பல்லாயிரம் ரூபாய் கேபிளைப் பெட்டியிலேயே வைத்துவிடுங்கள் என்று கேட்பதும் தவறு. அந்தச் செலவு இலவசமாக வராது, கருவியின் விலையில் ஏறும். தேவையில்லாதவரும் சேர்த்துக் கட்டுவார். பவர் கார்டுக்கு மூன்றாவது பின்னில் ஒழுங்கான எர்த் இருந்து, தரச் சான்றும் இருந்தால் போதும். எச்.டி.எம்.ஐ. கேபிள் அதன் வேகத்துக்குச் சான்று பெற்றதாக இருந்தால் போதும்.

செய்கிறவர்கள் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். ஆஸ்திரியாவின் ப்ரோ-ஜெக்ட் தன் டெபு கார்பன் ஈவோ டர்ன்டேபிளோடு கெபாசிட்டன்ஸ் குறைந்த, நல்ல காப்புள்ள ஃபோனோ கேபிளையே கொடுக்கிறது. மற்றவர்களால் முடியாது என்பதற்குக் காரணம் எதுவும் இல்லை. கேபிளைக் கொடுப்பதோடு, அதன் கெபாசிட்டன்ஸ் எவ்வளவு, மின்தடை எவ்வளவு என்று பெட்டியின் மேலேயே அச்சிடட்டும். "தனியா ஒண்ணு வாங்கிக்குங்க" என்று கடைக்காரர் சொல்லும்போது, அவர் நீட்டும் கேபிளுக்கும் அதே இரண்டு எண்களைக் கேளுங்கள்.