சாண எரிவாயுக் கலனுக்கு அளவறிந்து ஊட்டுதல்

வாயு குறைந்தால் சாணத்தைக் கூட்டி இடுவது நமது கிராமங்களில் வழக்கமாயிருக்கிறது. கறவை குறைந்த மாட்டுக்குத் தீனியைக் கூட்டுவது போன்றே இதனையும் பலர் கருதுகின்றனர். கலன் பல சமயங்களில் இதனாலேயே கெடுகிறது.

கலனுக்குள் இருவகை நுண்கிருமிகள் வேலை செய்கின்றன. ஒரு வகை சாணத்தைச் சிதைத்து அமிலமாக்குகிறது. மற்றொரு வகை அவ்வமிலத்திலிருந்து மீதேன் என்னும் எரிவாயுவை உண்டாக்குகிறது. முன்னது விரைந்து பெருகும். பின்னது மெல்லவே பெருகும். அளவு மீறி ஊட்டினால் அமிலம் தேங்கி, வாயு தரும் கிருமிகள் சோர்ந்துவிடும். கரியமில வாயு மிகுந்து, அடுப்பில் சுடர் நிலைக்காது. அந்நிலையில் மேலும் சாணம் இடுவது கேட்டை வளர்ப்பதேயாகும்.

ஜெர்மனி முதலிய நாடுகளிலுள்ள பெரிய நிலையங்களில் வாயுவின் அளவு, அதிலுள்ள மீதேன் பங்கு, உஷ்ணம் ஆகியவற்றைக் கருவிகள் அளந்துகொண்டேயிருக்கின்றன. அவற்றைக் கணிப்பொறி ஒப்புநோக்கி ஊட்டத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும் ஏற்பாடும் உண்டு. கரைசலின் பி.எச். எண்ணை மட்டும் நம்புவது போதாது. கரைசலிலுள்ள காரத்தன்மை அமிலத்தைச் சிறிது காலம் தாங்கிக்கொள்வதால், அவ்வெண் இறங்கும் வேளையில் கேடு முற்றியிருக்கும். எனவே அமிலத்துக்கும் காரத்துக்கும் உள்ள விகிதத்தை அளந்து முன்னதாகவே விழிப்படைகின்றனர்.

வீட்டுக் கலனுக்கு இச்சாதனங்கள் கட்டுபடியாகா, தேவையுமில்லை. 25 கிலோ சாணத்திலிருந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 கன மீட்டர் வாயு கிடைக்கும். ஆகவே 2 கன மீட்டர் கலனுக்கு நாள்தோறும் 50 கிலோ சாணமும் அதே அளவு நீரும் போதும். மிதக்கும் டிரம்மின் உயரத்தைக் காலையில் அடுப்பு மூட்டுமுன் குறித்துவந்தால் அதுவே அளவுகருவி. மார்கழி, தை மாதங்களில் உயரம் சற்றுக் குறைவது குளிரால் விளைவது. அதற்குச் சாணம் பரிகாரமன்று.

பஞ்சாயத்துப் பொதுக்கலன்களின் நிலைமை வேறு. 2018-ல் மத்திய அரசு தொடங்கிய கோபர்தன் திட்டத்தின்கீழ் இத்தகைய கலன்கள் அமைக்கப்படுகின்றன. முகூர்த்த நாளில் கலியாண மண்டபத்து மிச்சச் சோறு முழுவதையும் ஒரே வேளையில் கொட்டிவிடுவாரும் உளர். சோறு சாணத்தைவிட வெகு விரைவில் அமிலமாகும். அதனைத் தொட்டியில் சேர்த்துவைத்துச் சில நாட்களுக்குப் பகிர்ந்து இடவேண்டும். ஊட்டும் பொறுப்பு ஒருவரிடமே இருத்தல் நலம். இங்கேதான் வாயு மீட்டரும் மீதேன் அளக்கும் கருவியும் செலவுக்குத் தக்க பயன் தரும் என்பது எமது கருத்து.

கலன் புளித்துவிட்டதாயின் ஊட்டுவதைச் சில நாட்கள் நிறுத்துக. நன்கு இயங்கும் வேறொரு கலனின் கரைசலைச் சேர்த்துக் கலக்கிவிட்டு, சுடர் நிலைபெற்ற பின்னர் பாதி அளவில் மீண்டும் தொடங்குக.