ஐந்தாம் தலைமுறைக் கம்பியற்ற வலையமைப்பும் உடல்நலமும்

ஐந்தாம் தலைமுறைக் கம்பியற்ற வலையமைப்பு (5ஜி) 2019 இல் தென்கொரியாவிலும் 2022 இல் இந்தியாவிலும் வணிகப் பயன்பாட்டுக்கு வந்தது. இதன் கதிர்வீச்சு உடல்நலத்தைப் பாதிக்குமா என்பது பரவலாக எழுப்பப்படும் கேள்வியாகும்.

கதிர்வீச்சின் தன்மை

இவ்வலையமைப்பு பயன்படுத்தும் வானொலி அலைகள் அயனாக்காக் கதிர்வீச்சு வகையைச் சார்ந்தவை. எக்சு-கதிர்களைப் போல மரபணுவின் வேதிப்பிணைப்புகளை நேரடியாக உடைக்கும் ஆற்றல் இவற்றுக்கு இல்லை. இவற்றின் உறுதிசெய்யப்பட்ட விளைவு திசுக்கள் வெப்பமடைதலாகும். பன்னாட்டு வரம்புகள் அதனைத் தடுக்கும் வகையில் வகுக்கப்பட்டுள்ளன. அலைவெண் கூடும்போது அலைகள் உடலினுள் ஊடுருவும் ஆழம் குறைகிறது.

ஆய்வுகள்

2011 இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, வானொலி அலைவெண் மின்காந்தப் புலங்களை ஒருவேளை புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை என்னும் பிரிவில் சேர்த்தது. இப்பிரிவு சான்றின் வலிமையைக் குறிக்குமேயன்றி ஆபத்தின் அளவைக் குறிக்காது. உலக சுகாதார அமைப்பின் வேண்டுகோளின்படி நடத்தப்பட்டு 2024 இல் வெளியான மீளாய்வு, கைப்பேசிப் பயன்பாட்டுக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு காணவில்லை. எனினும் மிகு அலைவெண்களைப் பற்றிய நீண்டகால ஆய்வுகள் குறைவாகவே உள்ளன.

கோபுரமும் கைப்பேசியும்

2020 இல், இவ்வலைகள் கொரோனா நோயைப் பரப்புகின்றன என்ற வதந்தியால் பிரித்தானியாவில் பல கோபுரங்களுக்குத் தீ வைக்கப்பட்டது. தீநுண்மங்கள் வானொலி அலைகளின் வழியே பரவுவதில்லை. மேலும், பொதுவாக ஒருவர் கோபுரத்தைவிடத் தம் கைப்பேசியிலிருந்தே மிகுதியான கதிர்வீச்சைப் பெறுகிறார். கோபுரம் தொலைவில் இருந்தால் கைப்பேசி கூடுதல் திறனுடன் அலைபரப்பும். ஆகவே கோபுரங்களை அகற்றுவது கைப்பேசியால் பெறும் கதிர்வீச்சைக் கூட்டவும் கூடும். காதணிபேசியைப் பயன்படுத்திக் கைப்பேசியைத் தலையிலிருந்து விலக்கி வைப்பது அதனைக் குறைக்கும் எளிய வழியாகும்.